விற்ற பொருளில் மீண்டும் கை வைப்பதா?

கம்ப்யூட்டர் திரையின் இடது கோடியில் ஒரு சிறு பொத்தான் இருந்து வந்தது. 1995-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் மைக்ரோஸாப்ட் கம்பெனியார் ‘விண்டோஸ் 95’ என்ற இயங்குதளத்தை வெளியிட்ட நாள்முதல் பதினேழு வருஷ காலம் அது அந்த இடத்தை விட்டு அசையவில்லை. குமாஸ்தா முதல் முதலாளி வரையில், கம்ப்யூட்டரைத் தொட்ட அத்தனை பேரும் முதலில் கற்ற பாடம் அந்தப் பொத்தானைத் தட்டுவதுதான். 2012 அக்டோபர் 26-ஆம் தேதி ‘விண்டோஸ் 8’ வெளிவந்தது, பொத்தானைக் காணோம். அதை எடுத்துவிடும்படி உபயோகிப்போர் எவரும் மகஜர் கொடுத்ததாகத் தெரியவில்லை. எடுத்துவிட்ட பிறகுதான் கூக்குரல் எழுந்தது. யந்திரத்தை நிறுத்துவதற்குக்கூட வழி தெரியாமல், திரையின் வலது ஓரத்தில் ஒளிந்திருந்த பட்டையைத் தேடிக்கொண்டு ஜனங்கள் திண்டாடினார்கள்.

இம்மாதிரி சமயங்களில் கம்பெனிகளின் ஆதரவாளர்கள் சொல்லும் சமாதானம் ஒன்று உண்டு. “ஜனங்கள் பழக்கத்துக்கு அடிமைகள், எந்த மாறுதலையும் முதலில் எதிர்ப்பார்கள், பிறகு தாமே அடங்கிவிடுவார்கள்” என்பது அந்தச் சமாதானம். இதில் உண்மையே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. 1998-இல் ஆப்பிள் கம்பெனியார் தங்கள் ‘ஐமேக்’ யந்திரத்தில் பிளாப்பி தகடு போடும் வசதியை நீக்கியபோதும் பலமான ஆட்சேபம் இருந்தது. இன்று அத்தகட்டுக்காகக் கண்ணீர் விடுவார் இல்லை. ஆனால் ஒரு தடவை கூச்சல் வீணாயிற்று என்பதனால், பிறகு எழுந்த கூச்சல்கள் எல்லாம் வீண் கூச்சல் ஆகிவிடுமா? நடந்த விவகாரங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் வேறொரு உண்மை புலப்படும்.

மைக்ரோஸாப்ட் விவகாரத்தையே பார்ப்போம். பொத்தானையும் அதனுள் விரிந்த பட்டியலையும் எடுத்ததற்கு அக்கம்பெனியின் நிபுணர்கள் 2011-லேயே காரணம் கூறியிருந்தார்கள். உபயோகிப்போரின் யந்திரங்களிலிருந்து சேகரித்த கணக்குப்படி, அந்தப் பட்டியலைத் திறப்பது குறைந்துகொண்டே வருகிறது. வேண்டிய நிரல்களை ஜனங்கள் திரையின் அடிப்பட்டையிலேயே பதித்து வைத்துக்கொண்டு வேலை செய்கிறார்கள் என்பது அவர்கள் வாதம். கணக்கு பொய்யென்று நாம் சொல்லவில்லை. கணக்கை வாசித்த விதத்தைத்தான் ஆட்சேபிக்கிறோம். வீட்டின் கொல்லைக் கதவை ஒருவன் நாளைக்கு எத்தனை தடவை திறக்கிறான் என்று எண்ணிப் பார்த்து, “இரண்டு தடவைதானே திறக்கிறீர், ஆகையால் சுவர் எழுப்பிவிட்டோம்” என்று கொத்தனார் சொன்னால், வீட்டுக்காரன் அந்தக் கணக்கை மெச்சுவானா? அபூர்வமாக உபயோகப்படுவது அநாவசியமானது ஆகிவிடாது. தவிரவும், எண்ணிக்கை என்பது சாக்கு; உண்மைக் காரணம் வியாபாரம். 2010-இல் ஆப்பிளின் ‘ஐபேட்’ என்ற தொடுபலகை வெளிவந்து சந்தையைக் கலக்கியது. தாங்களும் தொடுபலகை வியாபாரத்தில் புக வேண்டும் என்ற அவசரத்தில், விரலால் தொடும் பலகைக்கும், விசைப்பலகை வைத்து மேஜையில் வேலை செய்யும் யந்திரத்துக்கும் ஒரே முகத்தைப் பொருத்தப் பார்த்தார்கள். கம்பெனியின் புது ஆசைக்கு மேஜையில் உட்கார்ந்து கணக்கெழுதுகிறவன் விலை கொடுக்க வேண்டியதாயிற்று.

அவன் என்ன செய்தான்? முணுமுணுத்துவிட்டு அடங்கினானா? இல்லை. ‘கிளாஸிக் ஷெல்’ என்ற இலவச நிரலையும், ‘ஸ்டார்ட்8’ என்ற விலைப்பொருளையும் தேடிப் போட்டுக்கொண்டு, போன பொத்தானைத் தானே மீட்டுக்கொண்டான். பலர் ‘விண்டோஸ் 7’-ஐ விட்டு நகரவே மறுத்தார்கள். 2013 அக்டோபர் 17-இல் ‘விண்டோஸ் 8.1’ வந்தபோது கம்பெனியார் பொத்தானை மட்டும் திரும்ப வைத்தார்கள். அதைத் தட்டினால் பழைய பட்டியல் விரியவில்லை. எந்தக் கட்டங்கள் நிறைந்த திரையை ஜனங்கள் வெறுத்தார்களோ அதே திரைதான் வந்து நின்றது! சோறு கேட்டவனிடம் வெறும் இலையைப் போட்ட கதைதான் இது. உண்மையான பட்டியல் 2015 ஜூலை 29-இல் ‘விண்டோஸ் 10’-உடன்தான் திரும்பியது. சுமார் மூன்று வருஷம் சென்றது, ஒரு சிறு பட்டியலை மீட்பதற்கு.

இதைவிடக் கடுமையான எதிர்ப்பு ஒரு தொழிலாளர் கூட்டத்திடமிருந்து வந்தது. சினிமாப் படங்களையும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளையும் வெட்டி ஒட்டித் தொகுப்பவர்களில் பலர் ஆப்பிள் கம்பெனியின் ‘பைனல் கட் ப்ரோ’ என்ற நிரலை நம்பிப் பிழைத்து வந்தார்கள். 2011 ஜூன் 21-ஆம் தேதி அக்கம்பெனியார் அதை அடியோடு புதிதாக எழுதி, 299 டாலர் 99 செண்டுக்கு வெளியிட்டார்கள். விலை குறைந்தது, வேகம் கூடியது, அதையெல்லாம் மறுப்பதற்கில்லை. ஆனால் பல காமிராக்களில் எடுத்த ஒரே காட்சியை ஒருங்கே வைத்துத் தொகுக்கும் வசதி போயிற்று. ஒலிச் சேர்க்கை செய்வோருக்கும் வர்ணம் திருத்துவோருக்கும் வேலையைக் கைமாற்றும் வழிகள் போயின. எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய நிரலில் செய்து வைத்த வேலையைப் புதிய நிரல் திறக்க மறுத்தது. பாதிப் படம் தொகுத்து வைத்திருப்பவன் எங்கே போவான்? பழைய நிரலையே வைத்துக்கொள்கிறேன், என் சிப்பந்திகளுக்கு இன்னும் இரண்டு பிரதி வாங்கிக்கொள்கிறேன் என்றால், அதன் விற்பனையையும் உடனே நிறுத்திவிட்டார்கள். புண்ணில் வேல் பாய்ச்சியது இந்தக் காரியமே என்பது நமது அபிப்பிராயம். புதியதில் குறை இருப்பது சகஜம். பழையதன் கதவை அடைத்துவிட்டுப் புதியதன் குறைக்குள் தள்ளுவது வேறு விஷயம்.

தொகுப்பாளர்கள் சும்மா இருக்கவில்லை. விண்ணப்பத்தில் கையெழுத்திட்டார்கள், பணத்தைத் திரும்பக் கேட்டுப் பலர் பெற்றார்கள், கோனன் ஓ’பிரயன் என்ற பிரபல ஹாஸ்யக்காரரின் நிகழ்ச்சியைத் தொகுப்பவர்கள் அந்த நிரலைப் பரிகசித்து ஒரு படமே எடுத்து ஒளிபரப்பினார்கள். போட்டிக் கம்பெனிகளான அடோபியும் அவிடும் சமயத்தைப் பார்த்து விலையைக் குறைத்து, மனம் கசந்தவர்களை வரவேற்றன. பல தொழிற்சாலைகள் ஆப்பிளை விட்டுப் போயே போயின. இது நடந்த பிறகே அந்தப் பெரிய கம்பெனி இறங்கி வந்தது. அந்த வருஷம் செப்டம்பரில் வேலையைக் கைமாற்றும் வழி ஒன்று திரும்பியது. 2012 ஜனவரியில் பல காமிராத் தொகுப்பு திரும்பியது. ‘விண்டோஸ்’ உபயோகித்த ஜன சமூகத்துக்கு மூன்று வருஷம் பிடித்தது இவர்களுக்கு ஏழு மாதத்தில் கிடைத்ததன் ரகசியம் என்ன? இவர்கள் சிலர், ஆனால் ஒரே தொழிலினர், ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள், போவதற்கு வேறு இடமும் உடையவர்கள்.

போவதற்கு இடமில்லாவிட்டால் கூச்சல் எடுபடாது என்பதற்கும் திருஷ்டாந்தம் இருக்கிறது. 2016 செப்டம்பர் 7-ஆம் தேதி ‘ஐபோன் 7’ வெளியிடப்பட்டபோது, காதொலிக் கம்பியைச் செருகும் துளை அதில் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் டெலிபோன் நிலையங்களில் உபயோகித்த செருகியின் வம்சத்தில் வந்தது அத்துளை. அதை நீக்கியதைத் ‘தைரியம்’ என்று கம்பெனியின் பிரமுகர் பிலிப் ஷில்லர் மேடையில் வர்ணித்தார். அதே மேடையில், கம்பியில்லாத புதுக் காதொலிக் கருவியை 159 டாலர் விலைக்கு அறிமுகப்படுத்தினார்கள்! தைரியத்துக்கு இவ்வளவு கைமேல் பலன் கிடைப்பது அபூர்வந்தான். இந்தத் துளையை வைத்து ஆப்பிளைக் கேலி செய்து விளம்பரம் போட்ட சாம்ஸங் கம்பெனியாரும் 2019-இல் தங்கள் ‘நோட் 10’ போனில் அதை அடைத்துவிட்டார்கள். துளை ஐபோனுக்குத் திரும்பவே இல்லை.

ஆயினும் இதுவரை சொன்ன விவகாரங்களில் வாங்குகிறவனுக்கு ஒரு பாதுகாப்பு இருந்தது. புதியது பிடிக்கவில்லையென்றால் வாங்காமல் இருக்கலாம். கையில் உள்ள பழைய பொருள் பழையபடி வேலை செய்யும். அந்தப் பாதுகாப்பும் இல்லாமற்போன விவகாரம் ஒன்று உண்டு. நமது வாசகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டியது அதுவே.

2006 நவம்பரில் ஸோனி கம்பெனியார் ‘பிளேஸ்டேஷன் 3’ என்ற விளையாட்டு யந்திரத்தை அமெரிக்காவில் 499 டாலருக்கும் 599 டாலருக்கும் விற்றார்கள். அதில் லினக்ஸ் போன்ற வேறொரு இயங்குதளத்தையும் போட்டுக்கொண்டு, முழுக் கம்ப்யூட்டராக அதை உபயோகிக்கலாம் என்பது அவர்களே எடுத்துக்கூறிய சிறப்பு. விஞ்ஞானிகள் அதை நம்பினார்கள். அமெரிக்க விமானப் படையின் ஆராய்ச்சிசாலை இத்தகைய யந்திரங்களில் ஏறக்குறைய 1,700-ஐக் கோத்து ஒரு மகா கம்ப்யூட்டரையே அமைத்தது. 2010 ஏப்ரல் 1-ஆம் தேதி ஸோனியார் ஒரு புதுப்பிப்பை அனுப்பினார்கள். அதை ஏற்றால் வேறு இயங்குதளம் போடும் வசதி அழிந்துவிடும். ஏற்காவிட்டாலோ கம்பெனியின் வலையமைப்பில் நுழைய முடியாது. பிறருடன் கூடி விளையாட முடியாது. பின்னால் வரும் புது விளையாட்டுகள் ஓடமாட்டா. விலை கொடுத்து வாங்கிய இரண்டு வசதிகளில் எதை இழக்கச் சம்மதம் என்று சொந்தக்காரனையே கேட்டார்கள்! பூட்டுகளை ஒருவர் உடைக்க வழி கண்டுபிடித்துவிட்டார், ஆகையால் பந்தோபஸ்துக்காக இது அவசியமாயிற்று என்பது அவர்கள் சொன்ன நியாயம். திருடன் ஒருவன் வந்தான் என்பதற்காக, தெருவில் உள்ள வீடுகளின் ஜன்னல்களையெல்லாம் பெயர்த்துக்கொண்டு போவது எந்த நியாயத்தில் சேர்ந்தது?

அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தார்கள். நிரலை மாற்றும் உரிமை தங்களுக்கு உண்டென்று உபயோக நிபந்தனைகளில் எழுதியிருப்பதைக் கம்பெனியார் காட்டினார்கள். கீழ்க் கோர்ட்டு வழக்கைத் தள்ளிற்று. 2014-இல் அப்பீல் கோர்ட்டு அதன் ஒரு பகுதிக்கு உயிர் கொடுத்தது. கடைசியில் 2018-இல் 37.5 லட்சம் டாலருக்கு ராஜியாகி முடிந்தது. எட்டு வருஷம் வழக்காடியும், எடுத்த வசதியைத் திரும்பக் கொடு என்ற உத்தரவு பிறக்கவில்லை.

அந்த நிபந்தனைப் பத்திரத்தை ஒருவரும் படிப்பதில்லை என்று கம்பெனிகளுக்குத் தெரியும். ‘சம்மதம்’ என்ற கட்டத்தைத் தட்டாமல் பெட்டியைத் திறக்கவே முடியாது என்பதும் தெரியும். பணம் கொடுத்த பிறகு கையொப்பம் கேட்கும் இந்த ஒப்பந்தத்தைச் சம்மதம் என்று அழைப்பதை நாம் ஒப்புக்கொள்ள முடியாது. பந்தோபஸ்துக்கான திருத்தமும், வசதியைப் பறிக்கும் மாறுதலும் ஒரே பொட்டணத்தில் வருவதைச் சட்டம் தடுக்க வேண்டும். முந்தியதை ஏற்று, பிந்தியதை மறுக்கும் உரிமை சொந்தக்காரனுக்கு இருக்க வேண்டும். கலிபோர்னியா ராஜ்யத்தார் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டத்தை அமலில் வைத்திருக்கிறார்கள். விளையாட்டு, திரைப்படம், புத்தகம் முதலியவற்றை மின்வடிவில் விற்கும் வியாபாரிகள், அது விற்பனையல்ல, வெறும் உபயோக அனுமதியே என்றால் அதைத் தெளிவாகச் சொல்லித்தான் பணம் வாங்க வேண்டும் என்பது அதன் விதி. சொல்லிவிட்டுப் பறிப்பதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை. பெட்டியாகக் கையில் கொடுத்த யந்திரத்தைப் பற்றியோ அது வாய் திறக்கவே இல்லை.