சாயம் படிப்பது இழிவா?

சென்ற பொங்கல் விழா முடிந்த இரவு, விடுதி முற்றத்தில் நண்பர்கள் சிலர் அமர்ந்திருந்தோம். திருப்பூரிலிருந்து வந்து இரசாயனம் பயிலும் தம்பி ஒருவர், மேற்கொண்டு சாயங்களைப் பற்றி ஆராய விரும்புவதாகச் சொன்னார். "சாயப்பட்டறைக்குப் போகப் புனேக்கா வரவேண்டும்?" என்றார் ஒரு பௌதிக மாணவர். எல்லாரும் நகைத்தோம், நானும் நகைத்தேன். தம்பி தலைகுனிந்தார். மறுநாள் முதல் அந்த நகைப்பு என்னை உறுத்துகிறது.

நகைத்த நண்பர் பயில்வது லேஸர். அவருடைய துறைக்கே சாயம் செய்த உதவியை அவர் மறந்தது எப்படி? 1960-இல் மெய்மன் அமைத்த மாணிக்க லேஸர் 694.3 நானோமீட்டர் சிவப்பை மட்டுமே தந்தது. பின்னர் வந்தவையும் பெரும்பாலும் அப்படியே. ஒரே சுரம் வாசிக்கும் நாதசுரங்கள்! அணு எந்த நிறத்தை ஏற்கிறதோ அந்த நிறத்தையே அதற்கு ஊட்டவேண்டும் என்று விரும்பியவனுக்கு இவை போதா. 1966-இல் அமெரிக்காவில் ஸோரோக்கினும் லங்கார்டும், ஜெர்மனியில் ஷேஃபர் குழுவினரும், தனித்தனியே சாயக் கரைசலிலிருந்து லேஸர் ஒளியைப் பெற்றனர்.

சாயத்துக்கு அந்த ஆற்றல் எங்கிருந்து வந்தது? அதன் மூலக்கூறு பெரியது. ஓயாமல் பலவாறு அதிர்வது. சுற்றியுள்ள திரவமோ அதை இடித்துக்கொண்டே இருக்கிறது. ஆகவே அது உமிழும் ஒளி ஒரு கோடாக நில்லாமல் அகன்ற பட்டையாகிறது. கீற்றணியையோ முப்பட்டகத்தையோ திருப்பினால், அப்பட்டையில் வேண்டிய நிறத்தைப் பொறுக்கி எடுக்கலாம். பட்டுக்கும் காகிதத்துக்கும் நிறமூட்டிய ரோடமின் 6ஜி, ஏறத்தாழ 560 முதல் 620 நானோமீட்டர் வரை, மஞ்சளிலிருந்து செம்மை வரை, இசைந்து கொடுக்கும். ஸ்டான்ஃபோர்டில் ஹென்ஷும் ஷாலோவும் ஃப்ளோரசீன் கலந்த ஜெலட்டினைக் கொண்டே லேஸர் செய்து காட்டினர். உண்ணத்தக்க லேஸர் என்று பெயரும் பெற்றது. (நம் விடுதிச் சாப்பாட்டில் இதை எதிர்பார்க்கவேண்டாம்.)

இனி நம் ஊருக்கு வருவோம். பாஷாண் சாலையில் தேசிய இரசாயன ஆய்வுக்கூடம் இருக்கிறது. 1957 முதல் 1966 வரை அதன் இயக்குநராய் இருந்தவர், 1901-இல் சென்னையில் பிறந்த கே. வெங்கடராமன், அப்பதவி ஏற்ற முதல் இந்தியர். மான்செஸ்டரில் இராபின்ஸனிடம் பயின்று, லாகூரில் ஆசிரியராகி, 1938 முதல் பம்பாய் இரசாயனத் தொழில்நுட்பத் துறையை நடத்தியவர். செயற்கைச் சாயங்களின் இரசாயனம் பற்றி 1952-இல் தொடங்கி 1978 வரை எட்டுத் தொகுதிகள் வெளிக்கொணர்ந்தார். அவர் லேஸர் கட்டியவர் அல்லர். ஆனால் மூலக்கூறின் அமைப்பு நிறத்தை எவ்வாறு ஆள்கிறது என்பதை அறியாதவன் லேஸருக்குச் சாயம் தேர்வது எங்ஙனம்? அந்தச் சாலை வழியே எத்தனை முறை போயிருக்கிறோம். நம்மில் எத்தனை பேர் அவர் பெயரை அறிவோம்?

மறுப்புகளும் உண்டு. சாய லேஸர் தொல்லை மிக்கது. கரைசல் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். சாயம் வெளுத்தால் மாற்றவேண்டும். 1982-இல் டைட்டானியம் கலந்த நீலமணி லேஸர் வந்த பின், பல ஆய்வுக்கூடங்களில் அதன் இடம் சுருங்கியது உண்மை. ஆயினும் குழந்தைகளின் முகத்தில் படரும் செம்மச்சத்தைக் குறைக்க 595 நானோமீட்டர் சாய லேஸர் இன்றும் பயன்படுகிறது.

நொய்யலை நினைத்தால்தான் நாணம் வருகிறது என்றார் தம்பி பிறகு என்னிடம். 2011-இல் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டபோது அவர் வீட்டிலும் வருமானம் நின்றதாம். அதனால் சாயத்தை வெறுத்து என்ன பயன்? ஆற்றில் கலந்த சாயத்தைச் சிதைக்கவும் அதன் பிணைப்புகளை அறிந்தவர்தாமே வேண்டும்?

அடுத்த பருவத்தில், இரசாயன மாணவரும் பௌதிக மாணவரும் ஒரே மேசையில் அமரும் மாலைக் கூட்டம் ஒன்றைச் சங்கம் நடத்தவேண்டும் என்று செயலாளருக்கு எழுதியிருக்கிறேன். முதற்பேச்சுக்குத் தம்பி இசைந்துவிட்டார். பச்சை லேஸர் கொண்டுவந்து ரோடமின் கரைசலில் பாய்ச்சிக் காட்டுவதாகப் பௌதிக நண்பரும் சொல்லியிருக்கிறார். கரைசலைக் கலக்கத் தெரியாதாம். அதற்குத் தம்பியைத்தான் கேட்டிருக்கிறார்.