பழைய பெயருக்குப் போகும் அஞ்சல்

ஆய்வுத் துறைகளில் வழங்கியின் பெயரை மாற்றுவது ஐந்து நிமிட வேலையாகவே கருதப்படுகிறது. ஹோஸ்ட்நேம்சிடிஎல் ஆணை ஒன்று, ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஒரு திருத்தம், அவ்வளவுதான். மறுநாள் மாணவர்கள் புதிய பெயரில் உள்நுழைகிறார்கள், கணக்கீடுகள் ஓடுகின்றன. தனக்கு நேரும் கோளாறுகளைச் சொல்ல அந்த இயந்திரம் எழுதும் கடிதங்கள் எங்கே போகின்றன என்று எவரும் கேட்பதில்லை.

யூனிக்ஸ் மரபில் இயந்திரம் தன் பொறுப்பாளரிடம் பேசுவது பெரும்பாலும் அஞ்சல் வழியாகத்தான். கிரான் தான் இயக்கிய பணியின் வெளியீட்டை அப்பணியின் உரிமையாளருக்கு அனுப்புகிறது. ரெய்டு அணியில் ஒரு வட்டு பழுதானால் எம்டிஏடிஎம் வழக்கமாக ரூட்டுக்கு எழுதுகிறது. ஆனால் 'ரூட்' என்பது முழு முகவரி அன்று. டெபியன் வழங்கிகளில் போஸ்ட்ஃபிக்ஸ் அதன் பின்னால் ஒட்டும் பெயர், பொதுவாக எட்சி அடைவிலுள்ள மெயில்நேம் கோப்பிலிருந்து வருகிறது. ஹோஸ்ட்நேம்சிடிஎல் அக்கோப்பைத் தொடுவதில்லை.

இதில் ஒரு முரண் உண்டு. அஞ்சல் அமைப்பில் எதையுமே தொடாதவர் பெரும்பாலும் தப்பித்துவிடுகிறார். பழைய பெயர் எல்லா இடத்திலும் ஒருசேர இருப்பதால் கடிதம் வீடு வந்து சேர்கிறது. மாட்டிக்கொள்பவர் பாதி அக்கறை உள்ளவர். மைடெஸ்டினேஷன் பட்டியலில் பழைய பெயரை நீக்கிப் புதியதை எழுதிவிட்டு, மெயில்நேமை மறந்துவிடுகிறார். அந்த நொடியிலிருந்து ரூட்டுக்கான கடிதம் வெளியூர்க் கடிதமாகிறது. ஏலியாசஸ் கோப்பை எத்தனை முறை சரிபார்த்தாலும் பயனில்லை; உள்ளூர் விநியோகத்துக்கு வரும் அஞ்சலுக்கு மட்டுமே அக்கோப்பு படிக்கப்படும்.

பழைய பெயருக்கு இப்போது எந்த இயந்திரமும் இல்லையென்றால் கடிதம் திரும்பும். ஆனால் அனுப்புநர் முகவரியிலும் அதே பழைய பெயர் இருப்பதால், திரும்பிய அறிவிப்பும் அங்கேயே புறப்பட்டு, சேராமல், ஓசையின்றிக் கைவிடப்படும். இதைவிட மோசமானது, நம் துறைகளில் மிக இயல்பானது: புதிதாக வாங்கிய வழங்கிக்கு, எல்லாருக்கும் பழகிய பழைய பெயரையே சூட்டுவது. வெளி அஞ்சலை ஏற்கும்படி அது அமைக்கப்பட்டிருந்தால், மூத்த இயந்திரத்தின் எச்சரிக்கைகள் இளைய இயந்திரத்தின் ரூட் பெட்டியில் குவியும். அங்கே எவரேனும் பார்த்தாலும் அனுப்புநர் வரி ஏமாற்றும். கிரானின் பொருள் வரியோ உண்மையைச் சொல்லும். அதிலுள்ள பெயர் இயந்திரத்தின் நடப்புப் பெயர். இவ்விரண்டும் முரண்படுவதே நோயின் முதல் அறிகுறி.

ரெய்டு 5 அணி ஒரு வட்டின் இழப்பைத் தாங்கும், இரண்டாவதைத் தாங்காது. இடைப்பட்ட நாள்களில் ஆய்வேட்டின் தரவைக் காப்பது அந்த ஒரு கடிதம்தான். அது வராமல் இருப்பதை 'எல்லாம் நலம்' என்று படிக்கும் வழக்கம் ஆபத்தானது. அமைதிக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

சோதிப்பது கடினமன்று. போஸ்ட்கான்ஃப் ஆணையால் மைஆரிஜின், மைடெஸ்டினேஷன் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். ரூட்டுக்கு ஒரு வரி அனுப்பி, அஞ்சல் பதிவேட்டில் ரிலே என்ற இடத்தில் 'லோக்கல்' இருக்கிறதா, வேறோர் இயந்திரத்தின் பெயர் இருக்கிறதா என்று நோக்கலாம். எம்டிஏடிஎம்மின் கண்காணிப்பு முறையிலேயே சோதனைக் கடிதம் அனுப்பும் வசதி உண்டு.

கடினமானது வேறு. பல துறைகளில் வழங்கியைப் பேணுவது ஏதோ ஓர் ஆய்வு மாணவர். ஊதியமும் இல்லை, பணிப்பட்டியலிலும் இடமில்லை. அவர் பட்டம் பெற்றுப் போகும்போது கடவுச்சொல் கைமாறுகிறது, எந்தக் கோப்பில் எதை மாற்றினார் என்பது கைமாறுவதில்லை. ரூட்டின் அஞ்சல் இறுதியாகச் சேரும் முகவரியும் பல நேரம் அவருடைய பல்கலைக்கழக முகவரியாகவே இருக்கிறது. அவர் விடைபெற்ற சில மாதங்களில் அந்தக் கணக்கும் மூடப்பட்டுவிடும்.