ஆளுக்கொரு கன், ஊரார் காசு

மின்வண்டிகளுக்கு ஒரே மாதிரி சார்ஜிங் கன் வேண்டும் என்று கேட்கிறவர்களை எல்லாம் லைசென்ஸ் ராஜ் காலத்து ஆவிகள் என்று சென்ற இதழில் ஒரு கட்டுரையாளர் விரட்டியிருக்கிறார். சந்தையே முடிவு செய்துகொள்ளும், அரசு ஒதுங்கி நிற்கட்டும், தரம் என்று ஒன்றை எழுதிவைத்தால் தொழில்நுட்பம் அதோடு நின்றுவிடும் என்கிறார். நடை நன்றாக ஓடுகிறது. ஓடுகிற வேகத்தில் கூட வரவேண்டிய விஷயங்களைத்தான் வழியில் விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

அவர் ரொம்பத் தெம்பாகப் பேசிய இடத்திலிருந்தே தொடங்கலாம். ஸ்கூட்டர்காரர்களில் பெரும்பாலோர் வீட்டில்தான் சார்ஜ் போடுகிறார்கள், ரோட்டோர சார்ஜரின் வாய் எந்த வடிவில் இருந்தால் யாருக்கு என்ன என்று கேட்கிறார். வீட்டில் எப்படிப் போட முடிகிறது என்று யோசித்திருந்தால் அந்தப் பத்தியை அவரே அடித்திருப்பார். எந்தக் கம்பெனி ஸ்கூட்டர் வாங்கினாலும் கூட வரும் சார்ஜர் உங்கள் சுவரில் இருக்கிற பாயின்ட்டில் போய் உட்காருகிறது. மூன்று உருண்டைக் கால் வைத்த அந்த 15 ஆம்பியர் பிளக்கின் பூர்வீகம் 1934-இல் வெளிவந்த பிரிட்டிஷ் தரம். பிரிட்டன்காரர்களே 1947-இல் சதுரக் காலுக்கு மாறத் தொடங்கிவிட்டார்கள். நாம் பிடித்துக்கொண்டு, இந்தியத் தரம் ஐ.எஸ். 1293 என்று எழுதியும் வைத்துக்கொண்டோம். அதே மூன்று காலில் கீசர் ஓடுகிறது, இன்வெர்ட்டர் ஏசி ஓடுகிறது. வீட்டு பாயின்ட் என்பதே ஒரே தரம் செய்த வேலை. அதைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிவிட்டு, தரம் எதற்கு என்று கேட்கிறார்.

சரி, வீட்டில் போட முடியாதவர்? வாடகைக்கு இரண்டாவது மாடியில் இருப்பவரின் வண்டி தெருவில் நிற்கும். பால்கனியிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயரைக் கீழே தொங்கவிட்டு, மழை வந்தால் ஓடிப்போய்ப் பிடுங்குகிறார். ஹவுஸ் ஓனர் ஒருநாள் பார்த்துவிட்டால் அதுவும் நின்றுபோகும். சாப்பாடு டெலிவரி செய்யும் பையன் மத்தியானமே பாதி பேட்டரியைத் தீர்த்துவிடுகிறான். இவர்களுக்கு ரோட்டோர சார்ஜர்தான் பெட்ரோல் பங்க். அதன் வாய் எந்த வடிவம் என்பது இவர்களுக்கு அன்றைய கூலி.

கட்டுரையாளர் எட்டிப் பார்க்காத இடம் ஒன்று கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே இருக்கிறது. ஓசூரில் ஏத்தர், போச்சம்பள்ளியில் ஓலா. இரண்டும் ஒரே கலெக்டர் ஆளுகைக்குள் தயாராகிற வண்டிகள். ஆனால் ஏத்தரின் வேக சார்ஜர் ஓலாவுக்கு ஆகாது, ஓலாவின் ஹைப்பர்சார்ஜர் ஏத்தருக்கு ஆகாது. நெடுஞ்சாலையில் ஹோட்டல் நடத்துகிறவர் வாசலில் ஒரு வேக சார்ஜர் வைக்க நினைத்தால் எதை வைப்பார்? எதை வைத்தாலும் பாதி வண்டிகள் நிற்காமல் போய்விடும். அதனால் பல பேர் எதையும் வைப்பதில்லை. சந்தை முடிவு செய்வது என்றால் அதன் பொருள் நடைமுறையில் இதுதான்.

சொந்தப் பணம் போட்டுக் கட்டியதை ஊருக்குத் திறந்துவிடச் சொல்வது வழிப்பறி என்றும் எழுதியிருக்கிறார். ஏத்தர் தன் கன்னின் வடிவமைப்பை மற்ற கம்பெனிகளும் பயன்படுத்தலாம் என்று 2021-இல் தானாகவே திறந்துவிட்டது. ஹீரோவின் விடா ஸ்கூட்டர் அதை எடுத்துக்கொண்டது. 2023-இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் அதே வடிவமைப்பை ஐ.எஸ். 17017, பகுதி 2, பிரிவு 7 என்று தரமாக வெளியிட்டது. வீட்டு மின்சாரமான ஏசியும் வேக சார்ஜருக்கான டிசியும் ஒரே கன்னில் வரும்படி இலகு ரக வண்டிகளுக்காக இந்தியாவில் உருவான முதல் தரம் அதுதான். வழிப்பறி என்றால் பறிகொடுத்தவர் அல்லவா கத்த வேண்டும்? அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார். பக்கத்துத் தெருக்காரர் நெஞ்சில் அடித்துக்கொள்கிறார். இன்னொன்று, அந்தத் தரம் யார்மீதும் கட்டாயமும் இல்லை.

அமெரிக்காவில் டெஸ்லா அரசின் துணையில்லாமல் ஜெயித்ததாம். 2012-இல் மாடல் எஸ் தன் சொந்த பிளக்கோடு வந்தது. அதை மற்றவர்களுக்குத் திறந்துவிட்டது 2022 நவம்பரில். அடுத்த ஆண்டு ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்தன. பத்து வருஷம் பிடித்த இந்த முடிவுக்கு விலை கொடுத்தது யார் என்று நிசான் லீஃப் வாங்கியவரைக் கேளுங்கள். ஜப்பானின் சாடெமோ பிளக்கை நம்பி வாங்கிய அவருக்கு அங்கே புதிதாக வரும் நிலையங்களில் இடம் சுருங்கிக்கொண்டே வருகிறது. அரசின் துணை இல்லை என்பதும் பாதிக் கதை. நெடுஞ்சாலை சார்ஜிங் நிலையங்களுக்கு வாஷிங்டன் ஒதுக்கிய 500 கோடி டாலரைத் தொட வேண்டுமானால் எல்லா வண்டிக்கும் திறந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வந்தது. அது வந்த 2023 பிப்ரவரியிலேயே டெஸ்லா தன் நிலையங்களில் ஒரு பகுதியை மற்ற வண்டிகளுக்குத் திறப்பதாக ஒத்துக்கொண்டது. அதே டெஸ்லா ஐரோப்பாவில் என்ன செய்தது? அங்கே 2014-லேயே ஏசிக்கு டைப் 2, டிசிக்கு சி.சி.எஸ். 2 பிளக் என்று தீர்மானித்துவிட்டார்கள். மாடல் 3 அங்கே சி.சி.எஸ். 2 வாயோடுதான் இறங்கியது. சீனாவில் அந்நாட்டு ஜி.பி./டி. தரத்துக்குக் கட்டுப்பட்டது. சுதந்திரச் சந்தையின் சிங்கம் என்று இவர் கொண்டாடும் கம்பெனி, போன இடமெல்லாம் உள்ளூர் விதிக்குத் தலையாட்டியிருக்கிறது.

தரம் வந்தால் தொழில்நுட்பம் உறைந்துவிடும் என்ற பயமுறுத்தலுக்கு ரொம்ப தூரம் போக வேண்டாம். 2020-இல் வந்த நெக்ஸான் இ.வி.யிலும் சி.சி.எஸ். 2 தான், 800 வோல்ட்டில் ஓடும் ஐயோனிக் 5-இலும் அதேதான், 175 கிலோவாட் வாங்கும் மஹிந்திரா பி.இ. 6-இலும் அதேதான். கன் மாறவில்லை. பேட்டரி மாறியது, வோல்டேஜ் ஏறியது, மணிக்கணக்கு நிமிஷக் கணக்காயிற்று.

அடாப்டர் வாங்கிக்கொள்ளலாமே என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறார். வெறும் ஏசிக்கு அது சரி. டிசியில் வண்டியும் சார்ஜரும் ஒன்றோடொன்று பேசியாக வேண்டும். எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர், எப்போது நிறுத்து என்று. சாடெமோ பேசுவது ஒரு பாஷை, சி.சி.எஸ். பேசுவது வேறு பாஷை. நடுவில் வைக்கும் பெட்டி இரண்டுக்கும் துபாஷி வேலை பார்க்க வேண்டும். அது விலையும் அதிகம், மின்சாரம் பாயும் இடத்தில் சூடாகக்கூடிய இணைப்பும் ஒன்று கூடுதல். பிளக் கால் கருகிப்போன வீட்டு பாயின்ட்டைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அவர் கட்டுரையில் ஒரே ஒரு அடி சரியாக விழுந்திருக்கிறது. 2017-இல் அரசு கொண்டுவந்த பாரத் டி.சி.-001 என்ற சார்ஜர் தரம் படுத்துவிட்டது, உண்மை. அன்றைக்கு ஓடிய ஒன்றிரண்டு கார்களின் 72 வோல்ட் பேட்டரியைப் பார்த்து அளவெடுத்துத் தைத்த சட்டை அது. 15 கிலோவாட்டுக்கு மேல் தராது. நெக்ஸான் வந்ததும் அந்த சார்ஜர்கள் தூசி படிந்து நின்றன. ஆனால் இதிலிருந்து அவர் எடுக்கும் முடிவு விசித்திரமானது. தையற்காரர் அளவைத் தப்பாக எடுத்தார் என்பதால் ஊரே சட்டையில்லாமல் அலைய வேண்டுமா? அடுத்து நடந்ததை அவர் சொல்லவே இல்லை. 2018 டிசம்பர் வழிகாட்டுதலில், ஒரு பொது சார்ஜிங் நிலையம் என்றால் ஐந்து வகை சார்ஜரும் வைத்தாக வேண்டும் என்று மின்சார அமைச்சகம் சொன்னது. ஐந்தையும் வாங்கிப் போட யாரிடம் காசு? அடுத்த அக்டோபரிலேயே அந்த விதியைத் தளர்த்த வேண்டியதாயிற்று. ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் துணிச்சல் இல்லாமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டினால் என்ன ஆகும் என்பதற்கு அந்தப் பத்து மாதம் போதும்.

பல தரங்கள் போட்டி போடுவதே ஆரோக்கியம் என்பவர் நம்மூர் தண்டவாளத்தையும் பார்க்க வேண்டும். இந்தியாவுக்கு ஒரே அகலம் போதும் என்று டல்ஹௌசி தீர்மானித்துவிட்டுப் போனார். செலவு மிச்சம் என்று மேயோ பிரபு 1870-இல் மீட்டர் கேஜை உள்ளே விட்டார். வடக்கிலிருந்து சென்ட்ரலில் வந்து இறங்கியவர் மூட்டையோடு எழும்பூர் போய் மதுரை வண்டி பிடித்தார். சரக்கு ஒரு வேகனிலிருந்து இன்னொன்றுக்குத் தலைச்சுமையாக மாறியது. எல்லாவற்றையும் ஒரே அகலமாக்கும் திட்டம் தொடங்கியது 1992-இல். மதுரை–போடி பாதையை மாற்றுவதற்காக 2010 கடைசியில் ரயிலை நிறுத்தினார்கள்; போடிநாயக்கனூருக்கு ரயில் திரும்பி வந்தது 2023 ஜூனில். மேயோ மிச்சம் பிடித்த காசுக்குப் போடிக்காரர் பன்னிரண்டு வருஷம் பஸ்ஸில் போனார்.

இப்போதும் காசுதான் பேச்சு. சந்தை என்று கட்டுரையாளர் சொல்லும் இடத்தில் கொட்டப்படுவது பெரும்பாலும் நம் வரிப்பணம். 2024 செப்டம்பரில் அறிவித்த பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் சார்ஜிங் நிலையங்களுக்கு மட்டும் 2,000 கோடி ரூபாய். அதில் இருசக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கு 48,400 சார்ஜர்கள். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று அதை எடுத்து ஆளுக்கொரு கன்னுக்கு வார்க்கச் சொல்வது தாராளவாதப் பொருளாதாரம் ஆகாது.

மானியம் வாங்கும் ஒவ்வொரு சார்ஜரிலும் பொதுத் தரத்தில் ஒரு கன்னாவது இருக்க வேண்டும். கூடவே தன் சொந்தக் கன்னையும் தொங்கவிட ஆசைப்படும் கம்பெனி தன் செலவில் தொங்கவிடட்டும். அதற்கு யாரும் தடை கேட்கவில்லை.