எதை மனப்பாடம் செய்வது?

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கினால் பெரம்பலூர் ஜெராக்ஸ் கடைகளில் ஒரு காகிதக் கட்டுக்குக் கிராக்கி வந்துவிடும். மெல்லக் கற்கும் மாணவர்களுக்கான கையேடு என்று மேலே போட்டிருக்கும். பிள்ளைகள் வாயில் அதற்குப் பெயர் ‘மினிமம் மெட்டீரியல்’. எல்லாப் பாடத்துக்கும் உண்டு. வரலாற்றுக்கு இருந்துவிட்டுப் போகட்டும். கணக்குக்கு இருப்பதைப் பார்த்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. முப்பது, நாற்பது பக்கம், வினாவும் விடையும். எண்கள் உட்பட அப்படியே உருப்போடு, பாஸ் ஆகிவிடுவாய் என்பதுதான் அதன் உபதேசம்.

உபதேசம் பொய்யும் இல்லை, அதுதான் வேதனை. கணக்குத் தாள் 100 மதிப்பெண். ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. வடிவியல் வரைதலுக்கு 8, வரைபடத்துக்கு 8. கூட்டினால் 30 ஆயிற்று. இரண்டு மதிப்பெண் வினாக்களில் மூன்றைத் தேற்றினால் 36. தேர்ச்சிக்கு 35 போதும். உறவுகளும் சார்புகளும் தொடங்கி நிகழ்தகவு வரை எட்டு இயல்கள் கொண்ட புத்தகத்தில் ஒன்றைக்கூடப் புரிந்துகொள்ளாமல் ஒரு பிள்ளை கரையேறிவிடலாம்.

2023-இல் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியில் பெரம்பலூர் மாவட்டம் 97.67 சதவீதம் பெற்று மாநிலத்தில் முதலிடம். மறு ஆண்டு அரியலூர் 97.31 சதவீதம் பெற்று முதலிடம். பின்தங்கிய பகுதி என்றே கேட்டுப் பழகிய நம் காதுகளுக்கு அது தேன். மாலை வகுப்பு நடத்தி, வீடு தேடிப்போய்ப் பிள்ளையை அழைத்து வந்த ஆசிரியர்களின் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் தேர்ச்சி சதவீதத்துக்கு 35 வாங்கியவனும் ஒன்றுதான், 95 வாங்கியவளும் ஒன்றுதான். அந்த 35-க்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நாம் கேட்பதே இல்லை.

எங்கள் தெருப் பிள்ளைகள் சிலர் சாயங்காலத்தில் என்னிடம் கணக்குக் கேட்க வருவார்கள். ஒரு பையன் கூம்பின் கன அளவுச் சூத்திரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தான். “களத்தில் மக்காச்சோளம் கூம்பாகக் குவித்திருக்கிறது. அடியில் விட்டம் 6 மீட்டர், உயரம் 1.4 மீட்டர். எத்தனை கன மீட்டர் இருக்கும்?” என்றேன். “தாத்தா, இது மெட்டீரியலில் இல்லையே” என்றான். அவன் அப்பா மக்காச்சோளம் போடுகிறவர்தான். விட்டத்தைப் பாதியாக்கினால் ஆரம் 3. பையை 22/7 என்று வைத்தால் விடை 13.2 கன மீட்டர். இரண்டு நிமிட வேலை. இப்படிப்பட்ட பிள்ளை அடுத்த ஜூனில் பாலிடெக்னிக்கிலோ பிளஸ் ஒன்னிலோ உட்காரும்போது அங்கே யார் கையேடு அச்சடித்துக் கொடுப்பார்கள்?

இதைச் சொன்னால் வேறொரு கூட்டம் எழுந்து, “அதனால்தான் சொல்கிறோம், மனப்பாடமே கூடாது, புரிந்தால் போதும்” என்கிறது. இவர்களோடும் எனக்கு ஒத்துவராது. மனப்பாடம் இல்லாத கணக்கு எந்த ஊரிலும் கிடையாது. நம் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியைப் பாடிப் பாடித்தான் ஏற்றினார்கள். முந்திரி 320-இல் ஒரு பங்கு, காணி 80-இல் ஒரு பங்கு, மா 20-இல் ஒரு பங்கு. அவர்கள் ஏற்றியது அளவையும் வாய்பாடும். எந்த நெல்லுக்கும் எந்த நிலத்துக்கும் அதை வைத்துக் கணக்குப் போட்டார்கள்.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். மனப்பாடம் செய்வதை அந்த மொழியில் ‘பார் கேர்’ என்பார்கள், அதாவது இதயத்தால் படிப்பது. தேற்றத்தின் வாசகம் ஒரு சொல் பிசகினாலும் எங்கள் ஆசிரியர் உட்கார விடமாட்டார். ஒப்பித்து முடித்ததும் கரும்பலகையில் முக்கோணத்தைத் தலைகீழாக வரைவார். ஏ, பி, சி என்று இருந்த முனைகளுக்கு வேறு எழுத்துகள் வைத்து, “இப்போது நிரூபி” என்பார். வாசகத்தைப் படித்தவன் எழுதுவான், படத்தைப் படித்தவன் நிற்பான்.

பிறகு அரசு அலுவலகத்தில் எழுத்தராக உட்கார்ந்தபோதும் இதே இரண்டு வகை ஆட்களைக் கண்டேன். விதியை மனப்பாடமாக வைத்திருந்தவர் எந்தக் கோப்பு வந்தாலும் குறிப்பு எழுதினார். பழைய கோப்பைப் பார்த்துப் பெயரையும் தேதியையும் மாற்றி எழுதியவர், புதுமாதிரி நேர்வு ஒன்று வந்த அன்றைக்கு விடுப்பு போட்டார்.

ஆகவே என் கட்சி இதுதான்: விதியை மனப்பாடம் செய், விடையைச் செய்யாதே. பத்தாம் வகுப்புக் கணக்கில் எவை விதிகள்? என் பட்டியலிலிருந்து சில:

1. வகுத்தல்: வகுபடும் எண், வகுக்கும் எண்ணையும் ஈவையும் பெருக்கி மீதியைக் கூட்டியதற்குச் சமம். இதோடு நிறுத்தக்கூடாது. மீதி வகுக்கும் எண்ணைவிடச் சிறியது என்ற நிபந்தனையும் சேர்ந்ததுதான் விதி. அது இல்லையென்றால் 17-ஐ 3-ஆல் வகுத்து ஈவு 4, மீதி 5 என்று எழுதினாலும் சரியாகிவிடும்.

2. கூட்டுத் தொடர்: பத்தாவது உறுப்புக்குப் பொது வித்தியாசத்தை ஒன்பது முறைதான் கூட்ட வேண்டும். பத்து வேலிக் கம்பங்களுக்கு நடுவே ஒன்பது இடைவெளிதானே!

3. இருபடிச் சமன்பாடு: எக்ஸின் கெழுவைக் குறி மாற்றி, எக்ஸ் வர்க்கத்தின் கெழுவால் வகுத்தால் மூலங்களின் கூடுதல். மாறிலியை அதே கெழுவால் வகுத்தால் பெருக்கற்பலன். ‘குறி மாற்றி’ என்ற இரண்டு சொற்களில்தான் மதிப்பெண் போகிறது.

4. தேல்ஸ் தேற்றம்: முக்கோணத்தின் ஒரு பக்கத்துக்கு இணையாக வரைந்த கோடு மற்ற இரு பக்கங்களையும் ஒரே விகிதத்தில் பிரிக்கும். ‘இணையாக’ என்பதை விட்டால் தேற்றமே இல்லை. நான் பிரெஞ்சில் படித்ததும் இதே தேல்ஸ்தான்.

5. முக்கோணவியல்: சைன் வர்க்கமும் காஸ் வர்க்கமும் சேர்ந்தால் 1. இந்த ஒன்று போதும். காஸ் வர்க்கத்தால் வகுத்தால் இரண்டாவது முற்றொருமை, சைன் வர்க்கத்தால் வகுத்தால் மூன்றாவது.

6. அளவியல்: கூம்பு என்பது அதே அடியும் உயரமும் உள்ள உருளையில் மூன்றில் ஒன்று. கோளத்தின் மேற்பரப்பு அதே ஆரமுள்ள நான்கு வட்டங்கள். அரைக்கோளத்துக்கு இரண்டு வட்டம், மூடியும் சேர்த்தால் மூன்று. இதற்குத் தனிச் சூத்திரம் எதற்கு?

7. புள்ளியியல்: வகுப்பில் எல்லோருக்கும் 5 மதிப்பெண் சும்மா கூட்டிக் கொடுத்தால் சராசரி 5 ஏறும், திட்ட விலக்கம் அசையாது.

இப்படி எட்டு இயல்களுக்கும் எழுதினால் ஒரு முழுத்தாளின் இரண்டு பக்கத்தில் அடங்கிவிடும். “மெல்லக் கற்கும் பிள்ளைக்கு இதெல்லாம் ஏறுமா?” என்று கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்கிறேன்: நாற்பது பக்க விடைகளை எண் பிசகாமல் தலையில் ஏற்றத் தெரிந்த பிள்ளைக்கு இரண்டு பக்கம் ஏறாதா? அந்தப் பிள்ளை மந்தம் என்று நாமே முடிவு கட்டி, அதன் நினைவாற்றலை நாலு மாதத்தில் மறந்துபோகிற சரக்குக்குச் செலவழிக்க வைக்கிறோம். வசதியான வீட்டுப் பிள்ளைக்கு டியூஷன் வாத்தியார் விதியைச் சொல்லிக் கொடுக்கிறார். கூலி வீட்டுப் பிள்ளைக்கு ஜெராக்ஸ் கட்டு. எனக்குப் பெரிதாக உறுத்துவது இந்த ஓரவஞ்சனைதான்.

தாளிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. 28-ஆவது வினாவும் 42-ஆவது வினாவும் கட்டாய வினாக்கள், விட்டுவிட்டு வேறொன்றை எடுக்க முடியாது. பிள்ளை சொந்தமாக யோசிக்கட்டும் என்று வைத்த இடம் அது. கட்டை நம்பிய பிள்ளை அந்த 7 மதிப்பெண்ணைத் தொடாமலே எழுந்து வருகிறது.

என் வயது நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பேரப்பிள்ளையிடம் “எத்தனை கணக்குப் படித்தாய்?” என்று கேட்காதீர்கள். ஒரு விதியைச் சொல்லச் சொல்லுங்கள். சொன்னதும், நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியையோ சின்ன வெங்காயக் குவியலையோ காட்டி, எண்ணை நீங்களே மாற்றி ஒரு கேள்வி கேளுங்கள். விடை தப்பாக வந்தால் திட்டாதீர்கள். அந்த விதியை மறுபடி ஒருமுறை ஒப்பிக்கச் சொல்லுங்கள், நிபந்தனையோடு.