குப்பைமேட்டில் கிடக்கும் மிதிவண்டி

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் ‘நான் ஒரு மிதிவண்டி’ என்னும் தன்கதைக் கட்டுரையை எழுதாத மாணவர் அரியர். தொழிற்சாலையில் பிறந்து, கடைக்கு வந்து, நல்லதொரு சிறுவனின் கைக்குப் போய், சில காலம் சீராட்டப்பட்டு, பிறகு பழுதடைந்து, இறுதியில் குப்பைமேட்டில் கிடந்து கண்ணீர் வடிக்கும் அந்த மிதிவண்டியின் கதை தலைமுறை தலைமுறையாக மாறவேயில்லை. ஆசிரியர் சிவப்பு மையால் ஒற்றுப்பிழையைத் திருத்துகிறார். வண்டி ஏன் பழுதடைந்தது என்று மாணவனை எவரும் கேட்பதில்லை. சங்கிலிக்கு எண்ணெய் விட்டானா? தளர்ந்த மரையாணியை முடுக்கினானா? கேட்டால் அவனுக்குத் தெரியாது. கேட்க வேண்டியவருக்கும் தெரியாது. அதனால்தான் கேள்வியே பிறக்கவில்லை.

மயிலிறகேயானாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் சொன்னதற்கு அதே மாணவன் பிழையின்றிப் பொருள் எழுதுகிறான். வாசலில் நிற்கும் அவனுடைய மிதிவண்டியின் அச்சைக் காட்டு என்றாலோ மிதிகட்டையைக் காட்டுகிறான். சொல்லைக் கற்றவன் பொருளைக் கல்லாமல் நிற்பது மொழிப்பாடத்தின் தோல்வியன்றி வேறென்ன?

பிற இனத்தார் அறியாவிட்டாலும் இந்நாட்டுத் தமிழர் இதை அறியாதிருப்பது வேதனைக்குரியது. 1877இல் ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவுக்கு வந்தன. 1888இல் அப்பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கெடுக்காமல் பாலெடுக்கும் முறையை வகுத்தார். அதே 1888இல், பெல்ஃபாஸ்ட் நகரின் கால்நடை மருத்துவர் ஜான் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகச் செய்து பார்த்த காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். முதலில் மிதிவண்டிகளும் பின்னர் மோட்டார் வண்டிகளும் ரப்பரை வேண்டி நின்றபோது, இருள் பிரியுமுன் எழுந்து பால்மரம் வெட்டியவர்கள் தமிழர்கள். அவர்களின் கொள்ளுப்பேரன் இன்று ஒரு சிறு முள் குத்திய டியூபை ஒட்டத் தெரியாமல், வண்டியைத் தள்ளிக்கொண்டே கடைக்குப் போகிறான். இக்காலத்து டியூப்கள் பெரும்பாலும் செயற்கை ரப்பராலானவை என்று குறுக்கிடுவோர் உண்டு. இருக்கட்டும், ஒட்டும் முறை மாறிவிடவில்லை.

அப்படியென்ன அரிய வித்தை அது? டயரின் ஓரத்தை எழுப்ப இரண்டு நெம்புகோல், உப்புத்தாள், ரப்பர்ப் பசை, ஒட்டுத்துண்டு, காற்றடிக்கும் பம்பு, ஒரு வாளித் தண்ணீர். டியூபை வெளியிலெடுத்துக் காற்றடித்துத் தண்ணீரில் அமிழ்த்தினால் குமிழி கிளம்பும் இடமே ஓட்டை. அவ்விடத்தை உலர்த்தி, உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கிப் பசை தடவ வேண்டும். புதியவர்கள் தோற்பது இங்கேதான். பசை ஈரமாயிருக்கும்போதே துண்டை அழுத்திவிட்டு, ஒட்டவில்லை என்று பசையைப் பழிப்பார்கள். ஈரம் போய் ஒட்டுந்தன்மை மட்டும் எஞ்சும் வரை சில நிமிடங்கள் பொறுத்திருக்க வேண்டும். அடுத்த தோல்வி இதனினும் வேடிக்கையானது. ஓட்டையை அடைத்து, டியூபை மாட்டி, வெற்றிப் பெருமிதத்தோடு ஏறி மிதித்தால், தெருமுனை தாண்டுமுன் காற்று மீண்டும் இறங்கிவிடும். குத்திய முள் டயருக்குள்ளேயே இருக்கிறது! டயரின் உட்புறத்தை விரலால் மெல்லத் தடவிப் பார்க்காதவனுக்குக் கிடைக்கும் பரிசு அது.

இடப்பக்க மிதிகட்டையின் மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டிருக்கும். இதை அறியாமல் வலிமையெல்லாம் கூட்டித் திருகி, மரையையே அழித்தவர்கள் உண்டு. சங்கிலியைத் துணியால் துடைத்து, இணைப்புகளில் சொட்டுச்சொட்டாக எண்ணெய் விட்டு, மிகுந்ததைத் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் வழிய விட்டால் சாலைப் புழுதி முழுவதும் அதில் வந்து குடியேறும். சக்கரக் கோணலை நேராக்கக் கம்பிகளை முடுக்குவது மட்டும் நெடுநாள் கைப்பழக்கம் வேண்டும் வேலை. அதைக் கடைக்காரரிடம் விடுவதில் குறைவில்லை.

“சில வெள்ளி கொடுத்தால் கடையில் செய்து தருவார்கள், படிக்கிற பிள்ளையின் கையில் கறை படலாமா?” என்று பெற்றோர் கேட்கிறார்கள். இக்கேள்வியின் வேர் தோட்டத்து லயன்களில் இருக்கிறது. நம் பிள்ளையாவது கத்தியும் வாளியும் தூக்காமல் வாழட்டும் என்று ஏங்கிய தலைமுறை அது. அந்த ஏக்கத்தைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆனால் பிறருக்குக் கூலிக்குச் செய்த வேலையையும், தன் பொருளைத் தானே பேணும் வேலையையும் ஒன்றெனக் கருதியதுதான் பிழை. அதே தோட்டத்தில் மாலை வேளைகளில் வீட்டு வாசலில் மிதிவண்டியைக் கவிழ்த்து வைத்துத் தாமே பழுது பார்த்த பெரியவர்களும் இருந்தார்கள். அவர்களை எவரும் கூலிகளாய் நியமிக்கவில்லை. பிள்ளைகள் அருகிலமர்ந்து பார்ப்பதைத்தான், “போய்ப் படி” என்று விரட்டிக் கெடுத்தார்கள். பெண்பிள்ளைகளுக்கோ அருகில் உட்காரும் வாய்ப்பும் இல்லை.

பணத்தை விடுங்கள். தேய்ந்த பிரேக் கட்டையோடு லாரிகள் விரையும் சாலையில் பள்ளிக்குப் போகும் சிறுவன், அது தேய்ந்திருப்பதை அறியாமலே போகிறான். கடைக்காரர் அவனோடு கூடவே வருவதில்லை. பிரேக்கை அழுத்தி வண்டியை முன்னே தள்ளிப் பார்க்கவும், கட்டை சக்கர விளிம்பில் படுகிறதா, டயரில் உரசுகிறதா என்று குனிந்து பார்க்கவும் அரை நிமிடம் போதும். அதைச் சொல்லித்தர ஆளில்லை.

அடுத்த முறை அந்தத் தன்கதைத் தலைப்பைக் கரும்பலகையில் எழுதுமுன், ஆசிரியர் ஒரு பழைய மிதிவண்டியை வகுப்புக்குள் கொண்டுவந்து கவிழ்த்து வைக்கட்டும். மாணவர்கள் ஒவ்வோர் உறுப்பையும் தொட்டுப் பெயர் சொல்லட்டும், கழற்றி மாட்டட்டும், பிறகு எழுதட்டும். ஒரு பழைய வண்டிக்கும் ஒரு வாளித் தண்ணீருக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் தீர்மானம்கூடத் தேவையில்லை.