வாங்குகிறவர் ஒருவரே என்றால்...

எங்கள் ஊர் பேரைச் சொன்னதும் எல்லோருக்கும் ராஜேந்திர சோழனும் கோயிலும்தான் ஞாபகம் வரும். எனக்கு எங்கள் தெரு அக்கா ஒருவரும் ஞாபகம் வருவார். பிளஸ் டூ முடித்ததும் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செல்போன் பாகம் செய்யும் கம்பெனி ஒன்றுக்கு வேலைக்குப் போனவர். முதல் சம்பளத்தில் அம்மாவுக்குத் தோடு வாங்கிக் கொடுத்தார். 2014 கடைசியில் பெட்டியோடு திரும்பி வந்துவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "ஆர்டர் இல்லடா" என்றார். அப்போது எனக்குப் பத்து வயது. பி.காம். படிக்கும் இப்போதுதான் அந்த இரண்டு வார்த்தைக்குக் கொஞ்சம் அர்த்தம் தெரிகிறது.

2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை தொடங்கியபோது அது தனியாக வரவில்லை. பாக்ஸ்கான், சார்ஜர் செய்யும் சால்காம்ப் என்று சப்ளையர்களும் அதே வளாகத்துக்கு வந்தார்கள். பாகம் பக்கத்திலேயே கிடைத்தால் லாரி வாடகை மிச்சம், கிடங்கில் பணம் முடங்காது. பாடத்தில் இதன் நன்மைகளை வரிசையாக எழுதி மார்க் வாங்கிவிடலாம். ஆனால் இத்தனை பேரும் ஒரே வாடிக்கையாளரை நம்பியிருந்தால் என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை.

2014 ஏப்ரலில் நோக்கியாவின் செல்போன் தொழிலை மைக்ரோசாப்ட் வாங்கியது. வரி வழக்கில் சிக்கியிருந்த ஸ்ரீபெரும்புதூர் ஆலை மட்டும் அந்த விற்பனையில் சேரவில்லை. நேற்று வரை எல்லோருக்கும் ஆர்டர் கொடுத்த ஆலை, மைக்ரோசாப்டுக்குச் செய்து கொடுக்கும் ஒப்பந்தக்காரர் ஆனது. வாங்குபவர் ஒரே ஒருவர். அவர் போதும் என்றதும் நவம்பர் 1-ல் உற்பத்தி நின்றது. டிசம்பரில் பாக்ஸ்கானும் அங்கே உற்பத்தியை நிறுத்தியது.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை! பாக்ஸ்கான் வேறு வாடிக்கையாளர்களைப் பிடித்து, 2019-ல் இதே ஸ்ரீபெரும்புதூர் பகுதியில் ஐபோன் செய்யத் தொடங்கியது. மூடிக் கிடந்த நோக்கியா ஆலையையே சால்காம்ப் வாங்கப்போவதாக அதே ஆண்டு அறிவிப்பு வந்தது. குடித்தனக்காரர் வீட்டையே வாங்கிய கதைதான். உலகம் முழுக்கப் பல பேருக்கு விற்றவர்கள் தப்பித்தார்கள். தன் உழைப்பை ஒரே கம்பெனிக்கு விற்ற அக்காவுக்கு அந்த வசதி இல்லை.

அதற்காகக் கம்பெனியே வரக்கூடாது என்று சொல்லவில்லை. அந்தத் தோடு பொய்யில்லையே. 2024 நவம்பரில் எங்கள் பக்கத்து ஜெயங்கொண்டம் சிப்காட்டில் தைவான் காலணி நிறுவனம் ஒன்றின் ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். 15,000 பேருக்கு வேலை என்றார்கள். எனக்கும் சந்தோஷம்தான். செல்போன் இல்லை, செருப்பு. ஆனாலும் ஆர்டர் கொடுப்பவர் எங்கோ இருக்க, செய்து கொடுப்பவர் இங்கே இருக்கும் ஏற்பாடு அதேதான்.

எனவே அரசாங்கம் ஒப்பந்தம் போடும்போது எத்தனை வேலை என்று கேட்பதோடு இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்கட்டும். உங்களுக்கு எத்தனை வாடிக்கையாளர்? இங்கே கற்றுக்கொள்ளும் வேலையை வைத்து எங்கள் பிள்ளைகள் வேறு கம்பெனிக்கும் போக முடியுமா, அதற்குச் சான்றிதழ் தருவீர்களா?

ஒரே கடன்காரரை நம்பிய கணக்குப் புத்தகம் ஆபத்து என்று எங்களுக்கு முதல் வருஷமே சொல்லித் தருகிறார்கள். ஊருக்கும் அதே கணக்குதானே நண்பர்களே?