மழைப் படம் இலவசம், படிக்கத்தான் ஆளில்லை

ஆடி பிறந்தால் மும்பைத் தமிழரின் கைப்பேசிகளில் மழைப் படங்கள் பறக்கின்றன. சிவப்பும் கருநீலமுமாக ஒரு படம். அடியில் 'நாளை நகரமே மூழ்கும்' என்று ஒரு வரி. யார் வரைந்தது, எந்த நாளையது என்று கேட்பாரில்லை.

மூலத் தகவலோ பூட்டி வைக்கப்பட்டதல்ல. இன்சாட் 3டிஆர், 2024 பிப்ரவரியில் ஏவப்பட்ட இன்சாட் 3டிஎஸ் ஆகியவற்றின் கோப்புகளை இஸ்ரோவின் அகமதாபாத் மையம் மோஸ்டாக் தளத்தில் தருகிறது. பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். ஆனால் அவை படங்களல்ல, எச்.டி.எஃப். என்னும் எண் மூட்டைகள். சாதாரணமாகத் திறந்தால் கணினி விழிக்கும். நாசாவின் நியூயார்க் ஆய்வுக் கழகம் இலவசமாகத் தரும் பானோப்ளி என்ற மென்பொருள் இத்தகைய கோப்புகளைத் திறந்து, எண்களை வரைபடமாகத் தீட்டும். கணினியில் ஜாவா இருக்க வேண்டும்.

தீட்டுவது சுலபம், படிப்பதில்தான் சங்கதி இருக்கிறது. கோப்பிலுள்ள நேரம் கிரீன்விச் கணக்கு. ஐந்தரை மணி கூட்டாவிட்டால் மாலை மழை மதிய மழையாகிவிடும். கால அட்டவணையோடு பிழைக்கும் எங்களைப் போன்ற ரயில்வேக்காரர்களுக்கு இது சின்ன விஷயமல்ல! நிறமும் ஏமாற்றும். கோப்பிலுள்ள பெரிய எண்ணுக்கு ஏற்ப மென்பொருள் தானே அளவுகோலை அமைத்துக்கொள்வதால், தூறல் நாளும் பிரளய நாளும் ஒரே நிறத்தில் தெரியக்கூடும். அளவுகோலை நாமே நிலையாக வைத்தால்தான் ஒப்பிட முடியும்.

2005 ஜூலை 26-ஐ யார் மறப்பார்? சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ.; கொலாபாவிலோ சுமார் 74 மி.மீ.தான். புறநகர் ரயில்கள் நின்றுபோயின. நாசாவின் ஐமெர்க் மழைக் கோப்பில் அந்த நாளை இன்றும் திறந்து பார்க்கலாம். ஆனால் அதன் ஒரு கட்டம் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் சதுரம். தாராவிச் சந்தில் எத்தனை அடி தண்ணீர் என்று அது சொல்லாது. நாளைய மழையையும் சொல்லாது. அது வானிலைத் துறையின் வேலை. இந்த இரண்டும் தெரிந்தவர் தெருவுக்கு ஒருவர் இருந்தால் வதந்திக்கு இத்தனை கால் முளைக்காது.

இங்குள்ள தமிழ் மன்றங்கள் பட்டிமன்றத்துக்கு ஒதுக்கும் ஞாயிறுகளில் ஒன்றை இதற்குத் தரட்டும். ஒரு கணினி, ஒரு திரை, விவரம் தெரிந்த மாணவர் ஒருவர் போதும். பத்தாம் வகுப்போடு நின்ற எனக்கே சில இரவுகளில் பிடிபட்டது. தடையாக இருந்தது ஆங்கிலந்தான். தமிழில் நான்கு பக்கக் கையேடு அச்சிட, ஆண்டு விழாவின் பொன்னாடைச் செலவில் பாதிகூட ஆகாது. அடுத்த ஜூனுக்குள் அது கைக்கு வர வேண்டும்.